இந்த மாதப் பாடம்: மூன்று பெட்டிக்கு ஒரே ரிமோட்



போன மாதம் உள்கடன் பதிவேடு எழுதுவது பற்றிப் பார்த்தோம். இந்த மாதம் ரிமோட்டா என்று சிரிக்க வேண்டாம். குழுக் கூட்டங்களுக்கு நாங்கள் வரும்போது உறுப்பினர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது.

2006-இல் அரசு இலவச கலர் டி.வி. கொடுக்க ஆரம்பித்தபோது வீட்டுக்கு ஒரு ரிமோட்தான். பிறகு டிஷ் வந்தது. 2017-இல் அரசு கேபிளும் செட்டாப் பாக்ஸ் கொடுக்கத் தொடங்கியது. இப்போது பல வீடுகளில் அதற்கு மேல் ஒரு ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர் செட்டும் இருக்கிறது. டி.வி.க்கு ஒன்று, பாக்ஸுக்கு ஒன்று, ஸ்பீக்கருக்கு ஒன்று என மூன்று ரிமோட். எது எதற்கு என்று பையனுக்குத்தான் தெரியும். செட் வாங்கத் தவணை கட்டுவது அம்மா; பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் "தம்பி வரட்டும், அவன்தான் போடுவான்" என்று உட்கார்ந்திருப்பதும் அம்மா! ஒன்று ரிப்பேர் ஆனால் கடைக்காரர் கொடுத்ததை வாங்கி வந்து, அது சேராமல் மறுபடி ஒன்று வாங்குவதும் நடக்கிறது. ஆகவே வாங்குவதற்கு முன் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

ரிமோட் எப்படி வேலை செய்கிறது? அதன் முனையில் சின்ன பல்பு ஒன்று இருக்கிறது. பட்டனை அழுத்தினால் நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி அதிலிருந்து வரும். அந்த ஒளி மிக வேகமாக விட்டு விட்டு எரியும். அந்த விட்டு விட்டு எரிகிற கணக்குத்தான் 'சத்தம் கூட்டு', 'அணை' என்று பெட்டிக்குச் சொல்கிற பாஷை. ஒவ்வொரு கம்பெனிக்கும் பாஷை வேறு. அதனால்தான் பக்கத்து வீட்டு ரிமோட் நம் பெட்டிக்குப் பேச மாட்டேன் என்கிறது.

புதுசு வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். செல்போன் கேமராவைத் திறந்து, ரிமோட்டின் முனையை அதற்கு நேராகக் காட்டி பட்டனை அழுத்துங்கள். திரையில் வெள்ளையாகவோ ஊதாவாகவோ மின்னினால் ரிமோட் ஒளி விடுகிறது, கோளாறு பெட்டியில் இருக்கலாம். (சில போன்களில் பின் கேமராவில் தெரியாது, செல்ஃபி கேமராவில் பாருங்கள்.) ஒன்றுமே மின்னவில்லையா? முதலில் செல்லை மாற்றுங்கள். செல் வைக்கிற இடத்துக் கம்பியில் பச்சையாகப் பூத்திருந்தால் சுரண்டித் துடையுங்கள். பல ரிமோட்டுகள் இதிலேயே பிழைத்துவிடும்.

அப்படியும் வாங்கத்தான் வேண்டுமென்றால் கடையில் மூன்று விதம் கிடைக்கும். முதலாவது, பழைய ரிமோட்டைப் போலவே இருக்கிற மாற்று ரிமோட். விலை குறைவு, செல்லைப் போட்டால் வேலை செய்யும், ஆனால் ஒரு பெட்டிக்கு மட்டும்தான். இரண்டாவது, நம்பர் போடுகிற யுனிவர்சல் ரிமோட். கூடவே வரும் தாளில் கம்பெனி பெயருக்கு நேராக இருக்கிற நம்பரை அமுக்க வேண்டும். பெரிய கம்பெனி டி.வி.க்கு இது சரிப்படும். சந்தையில் வாங்கிய ஊர் பேர் தெரியாத ஹோம் தியேட்டருக்கு அந்தத் தாளில் நம்பரே இருக்காது.

மூன்றாவது, 'லேர்னிங்' ரிமோட், அதாவது கற்றுக்கொள்கிற ரிமோட். எங்களைக் கேட்டால் இதைத்தான் சொல்வோம். பழைய ரிமோட்டையும் புதியதையும் மூக்கோடு மூக்கு பார்க்கிற மாதிரி இரண்டு விரற்கடை தூரத்தில் வைத்து, புதியதில் 'செட்' பட்டனைச் சிவப்பு விளக்கு எரியும்வரை அமுக்கிப் பிடித்து, பிறகு இரண்டிலும் பட்டனை அமுக்கினால் புதியது அந்தப் பாஷையைக் கற்றுக்கொள்ளும். எதை முதலில் அமுக்குவது என்பது ரிமோட்டுக்கு ரிமோட் மாறும், அட்டையில் போட்டிருப்பார்கள். கம்பெனி பெயரே தேவையில்லை. ஆனால் ஒன்று, கற்றுக்கொடுக்கப் பழைய ரிமோட் உயிரோடு இருக்க வேண்டும். ஆகவே பழையது முழுதாகச் சாகும் முன்பே வாங்குங்கள், பாதி பட்டன் போனதையும் தூக்கி எறியாதீர்கள்.

பல டிஷ் ரிமோட்டுகளிலேயே டி.வி.க்கென்று தனியாக நாலைந்து பட்டன் இருக்கும். அவற்றில் பலவும் இப்படிக் கற்றுக்கொள்கிறவைதான். அந்தச் சத்தப் பட்டனுக்கு டி.வி.க்குப் பதில் ஹோம் தியேட்டரின் பாஷையைக் கற்றுக்கொடுத்தால் காசில்லாமலே வேலை முடியும்! சில ரெட்மி, போகோ போன்களிலும் ரிமோட் பல்பு உண்டு. அந்த போன் வீட்டில் இருந்தால் அதையும் பாருங்கள். டி.வி.யும் சவுண்ட்பாரும் எச்.டி.எம்.ஐ. ஒயரில் ஏ.ஆர்.சி. என்று போட்ட துளை வழியாக இணைந்திருந்தால், டி.வி. செட்டிங்கில் சி.இ.சி. என்பதை ஆன் செய்தால் போதும், டி.வி. ரிமோட்டே சத்தத்தையும் பார்த்துக்கொள்ளும். சிவப்பு வெள்ளை ஒயர் செட்டுக்கு இந்த வசதி இல்லை.

ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. டி.வி.யில் சொருகுகிற ஃபயர் ஸ்டிக் போன்றவற்றின் ரிமோட் ப்ளூடூத்தில் பேசுகிறது. சாதாரண யுனிவர்சல் ரிமோட் அதற்கு உதவாது.

கடைக்குப் போகும்போது மூன்று ரிமோட்டையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். "அண்ணே, இந்த மூணையும் இதுல ஏத்திக் காட்டுங்க" என்று கேளுங்கள். எத்தனை பெட்டிக்கு ஏற்றலாம், செல் மாற்றினால் மறந்துவிடுமா, வீட்டில் வேலை செய்யவில்லை என்றால் மாற்றித் தருவாரா என்றும் கேட்டு, மாற்றித் தருவதை பில்லில் எழுதி வாங்குங்கள். பட்டன் பெரியதாக, எண்ணிக்கையில் கொஞ்சமாக இருக்கட்டும். மாமியார் கண்ணாடி இல்லாமல் தடவி அமுக்குகிற மாதிரி இருந்தால் நல்லது.

விலையை விட முக்கியமானது செல். ஹோம் தியேட்டரோடு வரும் அட்டை போன்ற மெல்லிய ரிமோட்டில் காசு மாதிரி வட்டமான பட்டன் செல் இருக்கும். குழந்தை இதை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் உள்ளே வெந்து புண்ணாகிவிடும், உயிருக்கே ஆபத்து. விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல், காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அந்தச் செல் உள்ள ரிமோட்டையும் காட்டுங்கள். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் பென்சில் செல் போடுகிற, மூடியில் திருகாணி உள்ள ரிமோட்டையே வாங்குங்கள். பாஷையை ஏற்றி முடித்ததும் அட்டை ரிமோட்டின் செல்லைக் கழற்றி, இரண்டு பக்கமும் செல்லோடேப் ஒட்டி, பிள்ளைகள் கைக்கு எட்டாத பரணில் வையுங்கள்.