அடம்பிடிக்கும் பிள்ளையை அடிக்காமல் திருத்த

ஆறு வயதுப் பையன் கோபத்தில் ரிமோட்டை வீசி எறிகிறான். முதுகில் ஒன்று வைக்காமல், டிவியை அணைத்துவிட்டு, "ரிமோட்டை எறிஞ்சா இன்னைக்கு டிவி கிடையாது" என்று ஒரே முறை, குரலை உயர்த்தாமல் சொல்லுங்கள். பாலைக் கொட்டினால் துணியைக் கையில் கொடுங்கள். சுவரில் கிறுக்கினால் அவனே துடைக்கட்டும்.

செய்த தப்புக்கும் அதன் விளைவுக்கும் தொடர்பு இருக்க வேண்டும். வியன்னாவில் பிறந்த மனநல மருத்துவர் ருடால்ஃப் டிரைக்கர்ஸ், 1964இல் வெளியான 'சில்ட்ரன்: தி சேலஞ்ச்' நூலில் இதைத்தான் வலியுறுத்தினார். ரிமோட்டை எறிந்ததற்குச் சோறு கிடையாது என்பது அநியாயம். சாப்பாடு, தூக்கம், உங்கள் அணைப்பு, இவற்றில் கை வைக்கவே வேண்டாம்.

"பொங்கலுக்கு ஊருக்குக் கூட்டிட்டுப் போகமாட்டேன்" என்று மிரட்டாதீர்கள். எப்படியும் கூட்டிப்போவீர்கள் என்பது அவனுக்கும் தெரியும்.

முதல் சில நாட்கள் அடம் கூடத்தான் செய்யும். மனமிரங்கி நடுவில் டிவியைப் போட்டுவிட்டால், இன்னும் உரக்கக் கத்தினால் கிடைக்கும் என்றுதான் கற்றுக்கொள்வான். தாத்தா, பாட்டியிடமும் முன்பே பேசி வையுங்கள். அவர்கள் கண்மறைவாகப் போனைக் கொடுத்தால் எல்லாம் வீண்.

அடுத்த முறை கோபம் வந்தும் ரிமோட்டைக் கீழே வைத்தானா? "எறியாம வச்சியே, நல்லது" என்று அப்போதே சொல்லுங்கள்.

தன்னையோ பிறரையோ அடிக்கடி காயப்படுத்துகிறான் என்றால், தள்ளிப்போடாமல் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள்.