மண்ணில் மறையும், கொழுந்தில் தங்கும்

தெம்பனிஸில் எந்தப் பேரங்காடிக்குச் சென்றாலும் தேநீர் அடுக்கில் சிலோன் தேயிலையைப் பார்க்கலாம். அது விளையும் தோட்டங்களில் நடந்த ஒரு சம்பவம், களைக்கொல்லி எப்படிச் சிதைகிறது என்பதை நமக்கு விளக்குகிறது.

சிறுநீரக நோய் குறித்த அச்சத்தால், இலங்கை 2015ஆம் ஆண்டு கிளைஃபோசேட் களைக்கொல்லியைத் தடை செய்தது. தோட்டங்களில் களை மண்டியது. சிலர் எம்சிபிஏ என்ற வேறொரு களைக்கொல்லிக்கு மாறினர். 2018ல் ஜப்பானுக்குச் சென்ற தேயிலையில் எம்சிபிஏ எச்சம் வரம்பை மீறியது தெரியவந்தது. அந்த வரம்பு ஒரு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். அதாவது, 100 டன் தேயிலையில் ஒரே ஒரு கிராம்! அதே ஆண்டில் தேயிலை, ரப்பர் தோட்டங்களுக்கு மட்டும் கிளைஃபோசேட் தடை தளர்த்தப்பட்டது.

இவ்விரண்டும் மண்ணில் நடந்துகொள்ளும் விதமே வேறு. கிளைஃபோசேட்டில் பாஸ்பரஸ் உண்டு. தேயிலை மண்ணில் நிறைந்துள்ள இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் அதை இறுகப் பிடித்துக்கொள்கின்றன. அதனால் அது வேருக்கு எளிதில் போய்ச் சேராது. நுண்ணுயிர்கள் அதை மெல்ல உடைத்து ‘ஆம்பா’ என்ற பொருளாக்கும். இந்த ஆம்பா தாய்ப்பொருளைவிட நீண்ட நாள் தங்கும். ஆகவே, ‘சிதைந்தது’ என்றால் ‘மறைந்தது’ என்று எண்ணிவிடக் கூடாது.

எம்சிபிஏவை மண் அவ்வளவாகப் பிடித்துவைப்பதில்லை. ஆனால் சில பாக்டீரியாக்களுக்கு அது உணவு. திரும்பத் திரும்பத் தெளித்தால் அவை பெருகி, அடுத்த முறை இன்னும் விரைவாகத் தின்று தீர்க்கும். மண் காய்ந்தாலோ குளிர்ந்தாலோ வேகம் குறையும்.

அப்படியானால் தேயிலையில் எச்சம் எப்படி வந்தது? தெளிக்கும்போது காற்றில் பறக்கும் துளிகள் இலைமேலும் படியும். மண்ணில் உள்ள அளவுக்கு இலையில் பாக்டீரியாக்கள் இல்லை. தேயிலைக் கொழுந்தை ஏறக்குறைய வாரம் ஒருமுறை பறிக்கிறார்கள். ஒரு பேச்சுக்கு, இலையில் எச்சத்தின் அரை ஆயுள் 20 நாள் என்று வைத்துக்கொள்வோம். ஏழாம் நாளில் எவ்வளவு மிஞ்சும்? கணிப்பானில் 0.5ஐ 7/20 அடுக்குக்கு உயர்த்துங்கள். விடை 0.78. முக்கால் பங்குக்கும் மேல்! நெல்லுக்கு இந்தச் சிக்கல் குறைவு. களைக்கொல்லி தெளித்து அறுவடை செய்ய மாதக்கணக்காகும்.

இன்னொன்றும் உண்டு. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நான்கு கிலோவுக்கும் மேல் பச்சைக் கொழுந்து தேவை. உலர்த்தும்போது நீர் போய்விடும். எச்சம் ஆவியாகாவிட்டால், மிஞ்சிய தூளில் அதன் செறிவு நான்கு மடங்குக்கு மேல் கூடும். கீரையைக் கழுவிச் சமைக்கிறோம். தேயிலையை யாராவது கழுவிவிட்டுத் தேநீர் போடுவார்களா?

சிங்கப்பூர் தன் உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்கிறது. இங்கு வரும் உணவின் மாதிரிகளைச் சிங்கப்பூர் உணவு அமைப்பு சோதிக்கிறது. அந்தச் சோதனைக்கூடம் தேடுவது, தெளித்த களைக்கொல்லியில் சிதையாமல் மிஞ்சிய அந்தப் பங்கைத்தான்.