இரத்தக் கொழுப்பு: மொத்தம் மறைக்கும் உண்மை

நாட்டு வருமானத்தை மக்கள் தொகையால் வகுத்துத் தலா வருமானத்தைக் கணக்கிடுகிறோம். அந்த வருமானம் யாரிடம் எவ்வளவு சேர்ந்தது என்பதை அந்த எண் கூறுவதில்லை. பங்கீட்டைத் தனியே ஆராய்ந்தால்தான் வறுமையின் உண்மை அளவு புலப்படும். இரத்தத்தில் உள்ள கொலஸ்டிராலின் மொத்த அளவும் இத்தகையதே. மொத்தம் மிதமாக இருக்கும்போதே அதன் உட்கூறுகள் கேடு விளைவிக்கும் வகையில் அமைந்திருக்கக்கூடும். இந்தியரிடையே பரவலாகக் காணப்படுவது இவ்வகை அமைப்பே ஆகும். எனவே, இது மருத்துவர்கள் மட்டுமன்றிச் சுகாதாரத் திட்டங்களை வகுப்போரும் செயல்படுத்துவோரும் அறிந்திருக்க வேண்டிய செய்தியாகும்.

பிரச்சினையின் பரிமாணம்

1990ஆம் ஆண்டில் நம் நாட்டில் நேர்ந்த இறப்புகளில் 15.2 சதவீதம் இதய, இரத்த நாள நோய்களால் விளைந்தவை என மதிப்பிடப்பட்டுள்ளது. 2016இல் இவ்விகிதம் 28.1 சதவீதமாக உயர்ந்தது. அவ்வாண்டில் இந்நோய்களால் இறந்தோரில் பாதிக்கு மேற்பட்டோர் 70 வயதை எட்டாதவர்கள்.

நோய் தாக்கும் வயது இன்னும் கவலைக்குரியது. 52 நாடுகளில் நடத்தப்பட்ட இன்டர்ஹார்ட் ஆய்வின் தெற்காசியத் தரவுகள் 2007இல் தனியே வெளியிடப்பட்டன. முதல் மாரடைப்பு ஏற்பட்ட வயதின் சராசரி தெற்காசியரிடையே 53 ஆகவும் ஏனைய நாட்டினரிடையே ஏறத்தாழ 59 ஆகவும் இருந்தது. பிள்ளைகளின் கல்வி முடியாத, வீட்டுக் கடன் தீராத பருவம் அது. சம்பாதிப்பவர் ஒருவரே உள்ள குடும்பத்தில், ஒரு மாரடைப்பு சேமிப்பைக் கரைத்துக் குடும்பத்தைக் கடனாளியாக்கப் போதுமானது.

நாளத்தில் நிகழ்வது

கொலஸ்டிரால் தன்னளவில் தீய பொருள் அன்று. உயிரணுக்களின் சவ்வுக்கும், சில ஹார்மோன்களுக்கும், பித்த நீருக்கும் அது இன்றியமையாதது. உடலுக்குத் தேவையானதில் பெரும்பகுதியை உடலே உற்பத்தி செய்துகொள்கிறது. கொழுப்பு நீரில் கரையாது. ஆகவே புரத உறையிட்ட நுண்துகள்களில் ஏற்றப்பட்டு இரத்தத்தில் பயணம் செய்கிறது. இத்துகள்களில் எல்.டி.எல். எனப்படும் அடர்த்தி குறைந்த வகை, தமனியின் உட்சுவரில் புகுந்து தங்கக் கூடியது. தங்கிய துகள்களை வெள்ளணுக்கள் விழுங்குகின்றன. நாளடைவில் அவ்விடத்தில் கொழுப்புப் படிவு உருவாகிறது. படிவு வெடித்தால் அதன்மேல் இரத்தம் உறைந்து நாளம் அடைபடுகிறது. இதயத் தசைக்குக் குருதி கிடைப்பதில்லை. இதுவே மாரடைப்பு.

இந்நிகழ்ச்சி திடீரெனத் தொடங்குவதன்று. கொரியப் போரில் இறந்த அமெரிக்க வீரர்களின் இதயங்களை ஆராய்ந்து 1953இல் வெளியிடப்பட்ட அறிக்கை மருத்துவ உலகை வியப்பில் ஆழ்த்தியது. அவ்வீரர்களின் சராசரி வயது 22 மட்டுமே. எனினும், ஏறத்தாழ நான்கில் மூவரின் இதயத் தமனிகளில் நோயின் அடையாளங்கள் காணப்பட்டன. ஐம்பதில் வெளிப்படும் நோய் இருபதிலேயே கருக்கொள்ளக்கூடும். எனவே கொழுப்பின் அளவுடன், அது உயர்ந்திருந்த ஆண்டுகளும் கணக்கில் சேர்கின்றன. கடன் தொகை சிறியதாயினும் காலம் நீண்டால் வட்டி பெருகுவதை இதற்கு ஒப்பிடலாம்.

இந்தியரிடம் காணப்படும் அமைப்பு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்ற நீரிழிவு ஆய்வின் முதற்கட்டம் தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய பகுதிகளை உள்ளடக்கியது. 2014இல் வெளியான அதன் முடிவுகளின்படி மொத்தக் கொலஸ்டிரால் மிகுந்தோர் 13.9 சதவீதம், எல்.டி.எல். மிகுந்தோர் 11.8 சதவீதம்; டிரைகிளிசரைடு மிகுந்தோர் 29.5 சதவீதம். எச்.டி.எல். எனப்படும் அடர்த்தி மிகுந்த வகை குறைந்திருந்தோரோ 72.3 சதவீதம். மொத்தத்தை மட்டும் அளந்திருந்தால் ஏழு பேரில் ஒருவரிடமே குறை தென்பட்டிருக்கும். அனைத்துக் கூறுகளையும் அளந்தபோது ஐவரில் நால்வரிடம் ஏதேனும் ஒரு குறை காணப்பட்டது. நாடு முழுவதையும் உள்ளடக்கி 2023இல் வெளியான முடிவும் இதையே உறுதி செய்தது. குறையுடையோர் விகிதம் அதில் 81.2 சதவீதம்.

இதற்குக் காரணங்கள் பல. வயிற்றுப் பகுதியில் சேரும் கொழுப்பு, இன்சுலின் செயல்திறன் குன்றுதல், தீட்டிய தானியமும் சர்க்கரையும் மிகுந்த உணவு, உடலுழைப்பின் குறைவு ஆகியவை ஒன்றுகூடும்போது கல்லீரல் டிரைகிளிசரைடை மிகுதியாக வெளியிடுகிறது. அதன் விளைவாக எச்.டி.எல். குறைகிறது, எல்.டி.எல். துகள்கள் சிறுத்து, எண்ணிக்கையில் பெருகுகின்றன. நெய்யையும் முட்டையையும் தவிர்த்துவிட்டு, தட்டு நிறையச் சோறு உண்பவர் இவ்வமைப்பிலிருந்து தப்பிவிடுவதில்லை.

ஒரு கணக்கு

நாற்பது வயதுடைய இரு ஊழியர்களை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் மொத்தக் கொலஸ்டிரால் டெசிலிட்டருக்கு 190 மில்லிகிராம். வழக்கமான வரம்பாகிய 200க்கு உட்பட்டதே. முதல்வருக்கு எச்.டி.எல். 55, டிரைகிளிசரைடு 100. இரண்டாமவருக்கு எச்.டி.எல். 32, டிரைகிளிசரைடு 240. மொத்தத்திலிருந்து எச்.டி.எல். அளவையும் டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்து எல்.டி.எல். அளவைக் கணக்கிடுவது வழக்கம். அவ்வாறு கணக்கிட்டால் முதல்வருக்கு 115, இரண்டாமவருக்கு 110. இரண்டாமவரே நலமுடையவர் போலத் தோன்றுகிறார்.

மொத்தத்திலிருந்து எச்.டி.எல். அளவை மட்டும் கழித்துப் பார்ப்போம். முதல்வருக்கு 135, இரண்டாமவருக்கு 158. நாளத்தில் படியக்கூடிய துகள்கள் அனைத்திலும் உள்ள கொலஸ்டிராலை இவ்வெண் குறிக்கிறது. மறைந்திருந்த வேறுபாடு ஒரே கழித்தலில் வெளிப்பட்டுவிடுகிறது.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. எச்.டி.எல். அளவை மருந்தால் உயர்த்த மேற்கொள்ளப்பட்ட பெரிய சோதனைகள் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை; 2006இல் அத்தகைய மருந்து ஒன்றின் சோதனை, இறப்பு மிகுந்ததால் நிறுத்தப்பட்டது. எச்.டி.எல். குறைவு ஓர் அபாய அறிவிப்பு. குறைக்கப்பட வேண்டியது படியும் துகள்களின் அளவே.

நிர்வாகத்திற்கான பாடங்கள்

முதலாவது, பரிசோதனை முறை. உணவு உண்டபின் டிரைகிளிசரைடு உயரும், ஆனால் எச்.டி.எல். அல்லாத கொலஸ்டிரால் பெரிதும் மாறுவதில்லை. ஆகவே அதை அறிய வெறும் வயிற்றுடன் வர வேண்டியதில்லை. இது சிறு செய்தியன்று. வேறு காரணத்திற்காகச் சுகாதார நிலையத்திற்கு வந்த தினக்கூலித் தொழிலாளியை, மறுநாள் காலை உண்ணாமல் வருமாறு திருப்பி அனுப்பினால், அவர் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும், பெரும்பாலும் வரமாட்டார்.

இரண்டாவது, யாரை முதலில் அளப்பது என்பது. 30 வயதுக்கு மேற்பட்டோரிடம் இரத்த அழுத்தம், நீரிழிவு, மூவகைப் புற்றுநோய் ஆகியவற்றைக் கண்டறியும் பணி தேசியத் திட்டத்தின் கீழ் நடைபெறுகிறது. வளங்கள் குறைவாக உள்ள இடங்களில், இளவயதில் மாரடைப்புக்கு உள்ளானவர்களின் உடன்பிறந்தோரையும் பிள்ளைகளையும் முதலில் அழைத்து இரத்தக் கொழுப்பை அளப்பது சிக்கனமான வழியாகும். நோயாளி மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளிலேயே அக்குடும்பத்தின் பெயர்ப் பட்டியலைத் தயாரித்துவிடலாம்.

மூன்றாவது, மருத்துவமனைக்கு வெளியே செய்ய வேண்டியவை. எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பின் அளவு 2022 ஜனவரி முதல் 2 சதவீதத்திற்கு உட்படுத்தப்பட்டது பயனுள்ள நடவடிக்கை. பருப்பும் காய்கறியும் ஏழையின் தட்டில் இடம்பெறும் விலையில் கிடைப்பதும், புகையிலைக் கட்டுப்பாடும், நடப்பதற்கேற்ற தெருக்களும் இதனினும் குறைந்த முக்கியத்துவம் உடையவை அல்ல. இவற்றில் எதுவும் சுகாதாரத் துறையால் மட்டும் நிறைவேற்றக் கூடியதன்று. உணவு, வேளாண்மை, நகராட்சி ஆகிய துறைகளும் பங்கேற்க வேண்டும்.

மருந்து தேவைப்படுவோருக்கு எல்.டி.எல். அளவைக் குறைக்கும் அடோர்வாஸ்டாட்டின், 2022ஆம் ஆண்டின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. மருந்து உண்டு, அளவிடும் முறையும் எளியது. மொத்த எண்ணைக் கண்டு மனநிறைவு கொள்ளாமல், உட்கூறுகளை உரிய வயதில் அளந்தறியும் ஏற்பாடே இப்போது தேவைப்படுவது. ஐம்பதில் தீவிர சிகிச்சைப் பிரிவில் செலவிடப்படும் தொகையோடு ஒப்பிட்டால், முப்பதில் செய்யப்படும் ஒரு பரிசோதனையின் செலவு மிகச் சிறியதே.