ஊசி, கம்பி, குழாய்: ஆஞ்சியோகிராமை எளிதாக்கிய செல்டிங்கர்

‘ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்க்க வேண்டும்’ என்று நாங்கள் கூறியதும், நோயாளியைக் காட்டிலும் உடன் வந்திருக்கும் உறவினர்களே முதலில் கலங்குவதைக் காண்கிறோம். ‘இது ஆபரேஷனா, டாக்டர்?’, ‘இந்த வயதில் அப்பா தாங்குவாரா?’, ‘மாத்திரையிலேயே குணப்படுத்த முடியாதா?’ என்னும் வினாக்கள் அடுத்தடுத்து எழுகின்றன. இவை நியாயமான வினாக்கள். ஒப்புதல் படிவத்தில் அச்சத்தோடு கையெழுத்திடுவதைவிட, என்ன நடக்கப்போகிறது என்பதை அறிந்து கையெழுத்திடுவதே நல்லது. இப்பரிசோதனைக்கு இன்றைய வடிவத்தை அளித்தவர் ஸ்வென் இவார் செல்டிங்கர் என்னும் சுவீடன் நாட்டுக் கதிரியக்கவியல் மருத்துவர். அவருடைய ஆராய்ச்சியைப் புரிந்துகொண்டால் பரிசோதனையும் புரிந்துவிடும்.

இரத்தக் குழாயைப் படமெடுப்பதில் இருந்த தடை

1895ஆம் ஆண்டு ரோன்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தபோது எலும்புகளைப் படமெடுப்பது எளிதாயிற்று. எலும்பு அக்கதிர்களைப் பெரிதும் தடுத்து நிறுத்துகிறது. அதனால் படத்தில் வெண்மையாகத் தெரிகிறது. இரத்தமும் தசையும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் கதிர்களைத் தடுக்கின்றன. ஆகவே சாதாரண எக்ஸ்ரேயில் இரத்தக் குழாய் தனித்துத் தெரிவதில்லை. கதிர்களைத் தடுக்கக்கூடிய சாய மருந்து ஒன்றை இரத்தத்தோடு கலந்து செலுத்தினால் மட்டுமே அதன் வடிவம் புலப்படும். இன்று இதற்கு அயோடின் சேர்ந்த மருந்துகளைப் பயன்படுத்துகிறோம்.

1927ஆம் ஆண்டு போர்ச்சுகல் நாட்டின் லிஸ்பன் நகரில் ஏகாஸ் மோனிஸ் என்னும் நரம்பியல் மருத்துவர் மூளையின் இரத்தக் குழாய்களை இவ்வாறு படமெடுத்தார். 1929இல் அதே நகரைச் சேர்ந்த ரெய்னால்டோ டோஸ் சான்டோஸ், முதுகின் வழியே நீண்ட ஊசியைச் செலுத்தி, வயிற்றிலுள்ள பெருந்தமனியைப் படமெடுத்துக் காட்டினார். படமெடுக்க இயலும் என்பது உறுதியாயிற்று. சாய மருந்தைத் தேவையான இடத்திற்குப் பாதுகாப்பாகக் கொண்டு சேர்ப்பது எப்படி என்பதே எஞ்சியிருந்த சிக்கல்.

1950ஆம் ஆண்டளவில் இதற்குச் சில வழிகள் இருந்தன. ஒன்று, தோலைக் கீறித் தமனியை வெளிப்படுத்தி அதனுள் குழாயைச் செருகுவது. இது ஓர் அறுவை சிகிச்சையே. மற்றொன்று, தமனியில் குத்திய ஊசியின் வழியாகவே மருந்தைச் செலுத்துவது. நோயாளி சற்று அசைந்தாலும் ஊசி இடம் மாறிவிடும், குத்திய இடத்தைத் தாண்டித் தொலைவிலுள்ள உறுப்பை அடையவும் முடியாது. மூன்றாவது, பருமனான ஊசியைக் குத்தி அதன் துளைக்குள்ளாக மெல்லிய குழாயை நுழைப்பது. இம்முறையில் ஒரு குறை இருந்தது. ஊசிக்குள் நுழையும் குழாய் ஊசியைவிட மெல்லியதாகத்தான் இருக்க முடியும். ஊசியை உருவியபின் தமனிச் சுவரில் இருக்கும் துளை பெரிது. அதில் நிற்கும் குழாயோ சிறிது. இடைவெளி வழியே இரத்தம் கசியும்.

மூன்று கருவிகள், ஒரு வரிசை

செல்டிங்கர் 1921ஆம் ஆண்டு சுவீடனின் மோரா என்னும் சிற்றூரில் பிறந்தவர். அவருடைய குடும்பம் அவ்வூரில் இயந்திரப் பட்டறை நடத்தி வந்தது. ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் மருத்துவம் பயின்ற அவர், கதிரியக்கவியலைத் தம் துறையாகத் தேர்ந்தெடுத்தார். முப்பது வயதை ஒட்டிய காலத்தில் மேற்கண்ட சிக்கலை எடுத்துக்கொண்டு, ஊசியையும் குழாயையும் பலவாறு இணைத்துப் பார்த்தார். அவர் கண்ட தீர்வுக்குப் புதிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. ஊசி, வளையும் உலோகக் கம்பி, நெகிழிக் குழாய் ஆகிய மூன்றையும் எந்த வரிசையில் பயன்படுத்துவது என்பதே அவருடைய கண்டுபிடிப்பு.

முதலில் ஊசியால் தமனியைக் குத்த வேண்டும். ஊசியின் உள்ளே மெல்லிய கம்பியைச் செலுத்த வேண்டும். கம்பி தமனிக்குள் நிற்க, ஊசியை மட்டும் உருவிவிட வேண்டும். பிறகு, நூலில் மணி கோப்பதுபோலக் குழாயைக் கம்பியின்மேல் கோத்து, தோலின் வழியே தமனிக்குள் தள்ள வேண்டும். இறுதியில் கம்பியை வெளியே எடுத்துவிட்டால் குழாய் மட்டும் உள்ளே நிற்கும்.

குழாய் இப்போது ஊசிக்குள் நுழைய வேண்டியதில்லை. ஆகவே அது ஊசியின் பருமனுக்கு நிகராக இருக்கலாம். ஊசி இட்ட துளையைத் தானே அடைத்துக்கொண்டு நிற்கும். கீறல் இல்லை, தையல் இல்லை. குழாயை எடுத்தபின் அவ்விடத்தைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்தால் துளை மூடிக்கொள்ளும். இம்முறையை 1952இல் ஹெல்சின்கி நகரில் நடந்த வடநாட்டுக் கதிரியக்கவியலாளர் மாநாட்டில் அவர் எடுத்துரைத்தார். 1953இல் ‘ஆக்டா ரேடியோலாஜிக்கா’ என்னும் மருத்துவ இதழில் கட்டுரையாக வெளியிட்டார்.

இம்முறையில் ஒரு கட்டாய விதி உண்டு: குழாய் உள்ளே செல்லும்வரை கம்பியின் வெளிமுனை மருத்துவரின் பிடியை விட்டு நீங்கக் கூடாது. கம்பி முழுமையாக வெளியே வந்துவிட்டதா என்பதை முடிவில் சரிபார்ப்பதும் இதனால்தான்.

ஆய்வின் அளவும் பயனும்

இத்தனை எளிய முறை முனைவர் பட்டத்திற்குப் போதுமான ஆய்வாகாது என்று அவருடைய துறைத் தலைவர் கருதினார். செல்டிங்கர் சோர்ந்துவிடவில்லை. வேறொரு பொருளை எடுத்துக்கொண்டார். தோலின் வழியே கல்லீரலுக்குள் ஊசி செலுத்தி, பித்தநாளங்களைப் படமெடுக்கும் முறையை ஆராய்ந்து, 1966இல் அதற்கான ஆய்வேட்டை நிறைவு செய்தார். மஞ்சள் காமாலையின் காரணம் பித்தநாள அடைப்பா என்று அறிய அம்முறை பெரிதும் உதவியது. மறு ஆண்டே பிறந்த ஊரான மோராவுக்குத் திரும்பி, அங்குள்ள மருத்துவமனையின் கதிரியக்கவியல் துறைக்குத் தலைமையேற்று, 1986இல் ஓய்வு பெறும்வரை பணியாற்றினார். 1998இல் மறைந்தார்.

பட்டத்திற்குப் போதாது எனப்பட்ட அம்முறையை இன்று உலகின் எல்லா மருத்துவமனைகளிலும் நாள்தோறும் பயன்படுத்துகிறார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் கழுத்துச் சிரையில் பொருத்தப்படும் குழாய், டயாலிசிஸ் நோயாளிக்கு அவசரமாகப் போடப்படும் குழாய், சிறுநீரகத்தில் தேங்கிய நீரை வெளியேற்றும் குழாய் ஆகியவை பெரும்பாலும் ‘செல்டிங்கர் முறை’யிலேயே பொருத்தப்படுகின்றன. உங்கள் வீட்டில் ஒருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்திருந்தால், இம்முறையின் பயனை அவர் பெற்றிருக்கக்கூடும்.

படம் பார்ப்பதிலிருந்து அடைப்பை நீக்குவதற்கு

குழாயை உள்ளே செலுத்த ஒரு வழி கிடைத்ததும், அதே வழியில் சிகிச்சையும் அளிக்கலாம் என்று சிந்தித்தவர் அமெரிக்கக் கதிரியக்கவியல் மருத்துவர் சார்லஸ் டாட்டர். 1964 ஜனவரியில் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாண்ட் நகரில் 82 வயது மூதாட்டி ஒருவர் அவரிடம் வந்தார். காலுக்குச் செல்லும் தமனி சுருங்கி, விரல்கள் அழுகத் தொடங்கியிருந்தன. காலை அகற்ற வேண்டும் என்ற அறிவுரையை மூதாட்டி ஏற்கவில்லை. டாட்டர் சுருக்கத்தின் ஊடே கம்பியைச் செலுத்தி, அதன்மேல் முதலில் மெல்லிய குழாயையும் பிறகு சற்றுப் பருத்த குழாயையும் நுழைத்து வழியை அகலப்படுத்தினார். கால் காப்பாற்றப்பட்டது. அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்த அவர், இறுதிவரை தம் கால்களாலேயே நடந்தார்.

1977இல் ஆன்ட்ரியாஸ் குருன்ட்சிக் சூரிக் நகரில் இதயத் தமனியின் சுருக்கத்தைப் பலூனால் விரித்தார். 1989இல் மான்ட்ரியால் நகரைச் சேர்ந்த லூசியன் காம்போ, மணிக்கட்டுத் தமனியின் வழியாக இதய ஆஞ்சியோகிராம் செய்ததை வெளியிட்டார். இன்று பலருக்குத் தொடை இடுக்கில் அன்றி மணிக்கட்டில் ஊசி குத்தப்படுவது அதன் தொடர்ச்சியே.

சர்க்கரை நோயாளிகளிடம் இதனைச் சற்று அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறோம். கால் விரல் கறுத்தாலோ, புண் ஆறாமல் நீடித்தாலோ இரத்த ஓட்டத்தைக் கட்டாயம் ஆராய வேண்டும். ‘குழாய் விடுவார்கள்’ என்று அஞ்சி வாரக்கணக்கில் கட்டுப்போட்டுக்கொண்டே காலம் கடத்துவோர் உண்டு. அடைப்பு நீக்கக்கூடியதாக இருந்தும், திசுக்கள் முழுமையாக அழிந்தபின் வந்தால் காலை மீட்பது அரிது. காலை அகற்றுவது பற்றிய பேச்சு எழும்போது, ‘இரத்த ஓட்டத்தைச் சீராக்க வழி உண்டா என்று பார்த்தாயிற்றா?’ எனக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பரிசோதனைக்கு முன்

• முன்பு சாய மருந்தால் ஒவ்வாமை ஏற்பட்டிருந்தால் தவறாமல் கூறுங்கள். ஆஸ்துமா, மருந்து ஒவ்வாமை இருந்தாலும் தெரிவியுங்கள்.

• சிறுநீரகக் குறைபாடு இருந்தால் பழைய கிரியாட்டினின் அறிக்கைகளைக் கொண்டு வாருங்கள். சாய மருந்து சிறுநீரின் வழியே வெளியேறுவதால் அவ்விவரம் இன்றியமையாதது.

• உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும் அட்டைகளோடு காட்டுங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையையோ மெட்ஃபார்மின் மாத்திரையையோ நீங்களாக நிறுத்தாதீர்கள். நீங்களாகத் தொடரவும் வேண்டாம். மருத்துவர் சொல்வதன்படி நடந்துகொள்ளுங்கள்.

• கருவுற்றிருக்கும் வாய்ப்பு இருந்தால் முன்கூட்டியே தெரிவியுங்கள்.

பரிசோதனையின்போதும் அதன் பின்னும்

ஊசி குத்தும் இடம் மட்டுமே மரத்துப்போகச் செய்யப்படும். நோயாளி பெரும்பாலும் விழித்தே இருப்பார். தமனியின் உட்சுவரில் வலி உணர்வு மிகக் குறைவு என்பதால் குழாய் நகர்வது தெரியாது. சாய மருந்து செலுத்தும்போது உடலில் வெப்பம் பரவுவது போன்ற உணர்வு சில நொடிகள் தோன்றி மறையும். மூச்சுத் திணறலோ அரிப்போ தோன்றினால் உடனே சொல்ல வேண்டும்.

தொடை இடுக்கில் குத்தியிருந்தால் நாங்கள் குறிப்பிடும் நேரம் முடியும்வரை காலை மடக்காமல் படுத்திருப்பது கட்டாயம். ‘கொஞ்சம் எழுந்து உட்காரட்டுமே’ என்று உறவினர்கள் இரக்கத்தோடு தலையணையை உயர்த்துவது தீங்காக முடியலாம். அவ்விடத்தில் வீக்கமோ இரத்தக் கசிவோ காணப்பட்டால் விரல்களால் அழுத்திப் பிடித்தபடி செவிலியரை அழையுங்கள். கால் அல்லது கை குளிர்ந்துபோனாலும், வெளிறினாலும், மரத்தாலும் தாமதியாமல் தெரிவியுங்கள்.

ஆபத்தே இல்லை என்று நாங்கள் கூறமாட்டோம். குத்திய இடத்தில் இரத்தக் கட்டு, மருந்து ஒவ்வாமை, சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை நேரலாம். அரிதாகப் பக்கவாதமும் மாரடைப்பும்கூட ஏற்படலாம். எனினும், நோயைக் கண்டறிவதற்காக மட்டும் செய்யப்படும் இதய ஆஞ்சியோகிராமில் பெரிய சிக்கல்கள் நூறு பேரில் ஒருவருக்கும் குறைவாகவே நேர்கின்றன. சிலருக்குக் கைச்சிரையில் மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஆஞ்சியோகிராமே போதுமானது. எது ஏற்றது என்பது நோயைப் பொறுத்தது.

ஆகவே, கையெழுத்திடுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இப்பரிசோதனையின் முடிவு சிகிச்சையை எவ்வாறு மாற்றும்? அடைப்பு காணப்பட்டால் அப்போதே நீக்குவீர்களா, அல்லது எங்களிடம் கலந்து பேசுவீர்களா? இதனைச் செய்யாமல் விட்டால் என்ன நேரும்? இவற்றுக்கு விடையளிப்பது எங்கள் கடமை. கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.