துத்தநாக ஆக்சைடு கிருமியை எப்படிக் கொல்கிறது?

அறிவியல் கண்காட்சிகளில் நானோ துகள் இப்போது பழகிப்போன தலைப்பு. வேப்பிலைச் சாறு கொண்டு தயாரித்த துத்தநாக ஆக்சைடு துகள் பாக்டீரியாவைக் கொல்லும் என்று மாணவர் விளக்குவார். எப்படி என்று கேட்டால், “துகள் ரொம்பச் சின்னது, உள்ளே புகுந்து கொன்றுவிடும்” என்பார். இந்த விடையோடு நாம் நிறைவடைந்துவிடக் கூடாது.

சிறிய அளவின் முதன்மையான பயன் புறப்பரப்பு. 1 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தின் புறப்பரப்பு 6 ச.செ.மீ. அதையே 10 நானோமீட்டர் பக்கமுள்ள கனசதுரங்களாக வெட்டினால் மொத்தப் புறப்பரப்பு 600 சதுர மீட்டர்! பத்தின் அடுக்குகளுக்கு இதைவிட நல்ல கணக்கு கிடைக்காது. வினைகள் நடப்பது இந்தப் பரப்பில்தான்.

புறஊதா ஒளி படும்போது துகளில் எலக்ட்ரான் கிளர்வுறுகிறது. சுற்றியுள்ள நீரிலிருந்தும் ஆக்சிஜனிலிருந்தும் ஹைட்ராக்சில் தனி உறுப்பு போன்றவை உருவாகிச் செல்சவ்வைச் சிதைக்கின்றன. டைட்டானியம் டை ஆக்சைடு பெரிதும் இவ்வழியில் செயல்படுகிறது. துத்தநாக ஆக்சைடோ இருட்டிலும் ஓரளவு வேலை செய்யும். அது சிறிதளவு கரைந்து துத்தநாக அயனிகளை வெளிவிடுகிறது. இவை மிகுந்தால் பாக்டீரியாவின் நொதிகள் பாதிக்கப்படும். செல்சுவரில் ஒட்டும் துகள்கள் நேரடியாகவும் சேதம் விளைவிக்கலாம். எதன் பங்கு எவ்வளவு என்பது ஒளி, துகளின் அளவு, ஊடகம் ஆகியவற்றைப் பொறுத்து மாறும்.

ஆகவே கண்காட்சி நடுவராக இருப்பவர் கேட்க வேண்டிய கேள்வி, “இலைச்சாற்றை மட்டும் வைத்துப் பார்த்தாயா?” என்பது. சாறே கிருமியைத் தடுத்திருக்கலாம். தயாரிப்பில் மீந்த துத்தநாக உப்பும் தடுத்திருக்கலாம். அகார் தட்டில் வளையம் தோன்றாவிட்டாலும் துகள் பயனற்றது என்று முடிவுகட்ட இயலாது. கரையாத துகள் அகாரில் எளிதில் பரவாது.

பள்ளியில் பாக்டீரியா வளர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எந்தக் கிருமி வளரும் என்று நமக்குத் தெரியாது. ஒளியின் பங்கைக் காட்ட மெத்திலீன் நீலம் போதும். வெளிர்நீலமாக நீர்த்த கரைசலை மூன்று சோதனைக்குழாய்களில் சம அளவு எடுங்கள். இரண்டில் மட்டும் சிறிது துத்தநாக ஆக்சைடு இடுங்கள். ஆய்வகத்திலுள்ள சாதாரணத் தூளே போதும். தூளை முகராதபடி கையாளச் சொல்லுங்கள். தூள் இட்ட ஒன்றையும் இடாததையும் வெயிலில் வையுங்கள். தூள் இட்ட மற்றொன்றைக் கருப்புத்தாள் சுற்றி அருகிலேயே வையுங்கள். அவ்வப்போது மூன்றையும் குலுக்கி, தூள் படிந்தபின் நிறத்தை ஒப்பிடச் செய்யுங்கள்.

வெயிலில் தூளோடு இருந்த கரைசலே மிகுதியாக வெளுக்கும். தாள் சுற்றிய குழாயிலும் நிறம் சற்றுக் குறைந்திருந்தால் அங்கே பாடத்தை நிறுத்துங்கள். சாயம் சிதைந்ததா, தூளின்மேல் ஒட்டிக்கொண்டதா? அடியில் படிந்த தூளின் நிறத்தைப் பார்த்து மாணவர்களே சொல்லட்டும்.