பதிவேடு திறக்காத நாள்: டேட்டாபேஸ் சர்வர் பழுதைக் கண்டறிய ஒரு பாடம்

 

நம் டிரஸ்டின் பதிவேடு சில ஆண்டுகளாகக் கணினியில் இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். மாத உதவி பெறும் விதவைத் தாய்மார்கள், கல்லூரிக் கட்டணத்துக்கு விண்ணப்பித்த பிள்ளைகள், மருத்துவ உதவி, ஜகாத் தந்தவர் எந்த வகைக்கென்று சொல்லித் தந்தார், வட்டியில்லாக் கடன் வாங்கியவர் எத்தனை தவணை கட்டியிருக்கிறார், எல்லாம் அதில்தான் இருக்கின்றன. சென்ற ஷஃபான் மாதக் கடைசியில் ஒரு நாள் காலை அந்தப் பதிவேடு திறக்கவில்லை. ரமளானை எதிர்பார்த்து உதவிப் பட்டியல் தயாரித்துக்கொண்டிருந்த நேரம் அது.

அன்று நாங்கள் செய்யப் பார்த்த தவறையும், பிறகு பழுதைக் கண்டுபிடித்த வழியையும் இம்மாதப் பாடமாக எழுதுகிறோம். வீட்டில் கணினி படிக்கும் பிள்ளை இருந்தால் இதை அவர் கையில் கொடுங்கள். கணினி தெரியாதவர்களும் படிக்கலாம். உங்கள் கணக்கு எப்படிப் பாதுகாக்கப்படுகிறது என்பதை அறிய உங்களுக்கு உரிமை உண்டு.

டேட்டாபேஸ் சர்வர் என்றால் என்ன?

நாம் பெயரைத் தட்டித் தேடும் திரை, அலுவலகத்தின் கவுண்டர் போன்றது. பதிவேடுகள் உள்ளறையில் இருக்கின்றன. அந்த அறையின் சாவி ஒரே ஒரு ஊழியரிடம் இருக்கிறது. கவுண்டரில் கேட்டால் அவர் எடுத்துத் தருவார், எழுதச் சொன்னால் எழுதி வைப்பார். அந்த ஊழியர்தான் டேட்டாபேஸ் சர்வர் என்னும் மென்பொருள்.

நாங்கள் பயன்படுத்துவது உபுண்டு லினக்ஸில் இயங்கும் மைஎஸ்கியூஎல். பின்லாந்துக்காரரான மைக்கேல் விடேனியஸும் அவருடைய கூட்டாளிகளும் 1995இல் சுவீடனில் தொடங்கியது. அவர் தம் மகள் ‘மை’யின் பெயரை அதற்கு வைத்தார். 2008இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அதை வாங்கியது. 2010இல் சன் நிறுவனமே ஆரக்கிள் கைக்குப் போனது. அதற்கு முன்பே, 2009இல், விடேனியஸ் அதிலிருந்து பிரித்து இன்னொன்றைத் தொடங்கி, இளைய மகள் மரியாவின் பெயரில் மரியாடிபி என்று அழைத்தார். இரண்டையும் காசில்லாமல் நிறுவிக்கொள்ளலாம்.

தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருந்தது. அதுவும் உபுண்டுவைப் போல டெபியன் வழியில் வந்ததுதான். எனவே வீட்டில் அந்த மடிக்கணினி சும்மா கிடந்தால் இந்தப் பாடத்தை அதிலேயே பழகிப் பார்க்கலாம்.

ஒரு குறிப்பு: கட்டளைகளை உச்சரிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறோம். கணினியில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், டெர்மினல் என்னும் கறுப்புத் திரையில் தட்ட வேண்டும். முன்னால் வரும் ‘சுடோ’, நிர்வாகி அதிகாரத்தோடு செய் என்று பொருள்படும். அதைத் தட்டும் ஒவ்வொரு முறையும் கை ஒரு கணம் நிற்க வேண்டும்.

செய்யப் பார்த்த தவறு

அன்று திரையில் வந்தது 2002 என்ற எண்ணுள்ள பிழைச் செய்தி. உதவிக்கு வந்த தம்பி நல்ல பிள்ளை, ஆர்வம் உள்ளவர். “முழுசா எடுத்துட்டுப் புதுசா இன்ஸ்டால் பண்ணிடலாம் பாய், பத்து நிமிஷ வேலை” என்றார். ‘சுடோ ஆப்ட் பர்ஜ்’ என்று தட்டியும் விட்டார். என்டர் மட்டும் தட்டவில்லை. “கொஞ்சம் இருங்க தம்பி” என்று நிறுத்தினோம்.

ஆப்ட் ரிமூவ் என்றால் மென்பொருள் மட்டும் போகும், தகவல் இருக்கும். பர்ஜ் என்றால் அமைப்புக் கோப்புகளும் போகும். எல்லா டேட்டாபேஸையும் அழித்துவிடலாமா என்றும் நடுவில் ஒரு கேள்வி வரும். அவசரத்தில் ‘ஆம்’ என்று சொன்னால் /வார்/லிப்/மைஎஸ்கியூஎல் என்ற கோப்புறை, அதாவது உள்ளறை முழுவதும், காலியாகிவிடும்.

எங்களிடம் இருந்த கடைசி நகல் நான்கு மாதம் பழையது. அது எங்கள் குற்றம், மறைக்க விரும்பவில்லை. அன்று என்டர் தட்டியிருந்தால் அந்த நான்கு மாதத்தில் கடன் தவணை கட்டிய சகோதரிகளிடம், கட்டவில்லையே என்று நாங்களே போய்க் கேட்டிருப்போம்.

நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரித் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் எடுத்த எடுப்பில் இன்ஜினை இறக்க மாட்டார்கள். பேட்டரி, டீசல், பியூஸ் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். இங்கேயும் அதே முறைதான்.

முதல் படி: உள்ளதைப் பத்திரப்படுத்துங்கள்

சர்வர் நின்றிருக்கும்போதே அந்தக் கோப்புறையை ‘டார்’ கட்டளையால் ஒரே கட்டாகக் கட்டி வெளி ஹார்டு டிஸ்க்கில் வையுங்கள். பழுது பார்ப்பதில் கை தவறினாலும் பழைய நிலைக்குத் திரும்ப இது போதும்.

இரண்டாம் படி: செய்தியை முழுதாகப் படியுங்கள்

மதரஸாவில் அரபி வாக்கியம் புரியாவிட்டால் உஸ்தாத் என்ன கேட்பார்? செயல் எது, செய்தவர் யார், எதன் மீது செய்யப்பட்டது என்று கேட்பார். பிழைச் செய்தியையும் அப்படிப் பிரித்துப் பாருங்கள். சொல்வது யார்? எதைச் செய்யப்போய் நின்றது? என்ன காரணம் சொல்கிறது?

2002 என்பதைச் சொல்வது கவுண்டர். “சாக்கெட் வழியாக உள்ளே கூப்பிட்டேன், பதில் இல்லை” என்று பொருள். பெரும்பாலும் சர்வர் ஓடவில்லை. 1045 அல்லது 1698 வந்தால் கதை வேறு. அதைச் சொல்வது சர்வரே. “நான் இருக்கிறேன், உன்னை உள்ளே விட மாட்டேன்” என்கிறது. முதலாவது கடையில் ஆள் இல்லாத நிலை, இரண்டாவது ஆள் இருந்தும் அனுமதி இல்லாத நிலை. இரண்டுக்கும் மருந்து ஒன்றல்ல.

மூன்றாம் படி: ஆள் இருக்கிறாரா?

‘சுடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் மைஎஸ்கியூஎல்’ என்று தட்டுங்கள். மரியாடிபி என்றால் கடைசிச் சொல்லை மாற்றுங்கள். ‘ஆக்டிவ், ரன்னிங்’ என்று வந்தால் சர்வர் ஓடுகிறது. எங்களுக்கு ‘ஃபெயில்டு’ என்று வந்தது.

நான்காம் படி: சர்வரின் நாட்குறிப்பு

சர்வர் தனக்கு நேர்ந்ததையெல்லாம் எழுதி வைக்கிறது. உபுண்டுவில் அது /வார்/லாக்/மைஎஸ்கியூஎல்/எரர்.லாக் என்ற கோப்பு. ‘சுடோ டெய்ல் -என் 50’ என்று தட்டி அந்தக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் கடைசி 50 வரிகள் வரும். ‘சுடோ ஜர்னல்சிடிஎல் -யு மைஎஸ்கியூஎல்’ என்றாலும் தகவல் கிடைக்கும். கடைசி வரி பெரும்பாலும் ‘நிறுத்திவிட்டேன்’ என்றுதான் இருக்கும். மேலே போய், ‘எரர்’ என்ற சொல் முதலில் வரும் வரியைத் தேடுங்கள். காரணம் அங்கே இருக்கும். மூன்று எண்களை நினைவில் வையுங்கள்.

28: டிஸ்க்கில் இடமில்லை.

13: கோப்பைத் தொட அனுமதி இல்லை.

98: கேட்கும் போர்ட்டை வேறொரு மென்பொருள் பிடித்திருக்கிறது.

எங்களுக்கு வந்தது 28. ‘டிஎஃப் -எச்’ என்று தட்டினோம். டிஸ்க் 100 சதவீதம் நிறைந்திருந்தது. பல ஆண்டுகளாக ரேஷன் கார்டு, ஆதார், ஆஸ்பத்திரி ரசீது என்று எல்லாவற்றையும் பெரிய அளவில் ஸ்கேன் செய்து அதே டிஸ்க்கில் போட்டு வந்திருக்கிறோம். மைஎஸ்கியூஎல் புதுப்பிப்பு ஒன்று தானாக இறங்கி, இடமில்லாமல் பாதியில் நின்றிருக்கிறது. புதிதாக நிறுவியிருந்தாலும் இதே இடத்தில்தான் நின்றிருக்கும்.

ஐந்தாம் படி: காரணத்துக்கு மட்டும் மருந்து

பழைய ஸ்கேன்களை வெளி டிஸ்க்குக்கு மாற்றி, அங்கே திறக்கிறதா என்று பார்த்த பிறகே இங்கே நீக்கினோம். ‘சுடோ ஆப்ட் கிளீன்’ என்பது இறக்கி வைத்த நிறுவல் பொதிகளை நீக்கி இடம் தந்தது. பிறகு ‘சுடோ டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ’ என்று தட்டியதும் பாதியில் நின்ற நிறுவல் முழுமையானது. ‘சுடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட் மைஎஸ்கியூஎல்’ என்றோம். அல்ஹம்துலில்லாஹ், லுஹர் பாங்குக்கு முன் பதிவேடு திறந்தது.

இடம் பிடிக்கிறதே என்று டேட்டா கோப்புறைக்குள் கை வைக்காதீர்கள். ‘பின்லாக்’ என்று தொடங்கும் கோப்புகள் குப்பை போலத் தெரியும். மைஎஸ்கியூஎல் 8 அவற்றை வழக்கமாக 30 நாள் வைத்திருக்கும். நீக்குவதானால் சர்வர் ஓடத் தொடங்கிய பின், அதற்குள்ளிருந்தே ‘பர்ஜ் பைனரி லாக்ஸ்’ கட்டளையால் நீக்க வேண்டும். ‘ஐபிடேட்டா1’ என்ற கோப்பைத் தொடவே கூடாது.

வேறு எண் வந்தால்

98 வந்தால், அதே கணினியில் சாம்ப் போன்ற தொகுப்போ வேறொரு சர்வரோ ஓடுகிறதா என்று பாருங்கள். ‘சுடோ எஸ்எஸ் -எல்டிஎன்பி’ என்றால் 3306 என்ற போர்ட்டை யார் பிடித்திருக்கிறார்கள் என்று தெரியும். அதை நிறுத்தினால் போதும்.

13 வந்தால், கோப்புறையின் உரிமையாளர் மைஎஸ்கியூஎல் என்ற பயனர்தானா என்று பாருங்கள். கோப்புறையை வேறு டிஸ்க்குக்கு மாற்றியிருந்தால், உரிமை சரியாக இருந்தும் உபுண்டுவின் ஆப்ஆர்மர் என்னும் காவல் தடுக்கும். புதிய இடத்தை அதற்கும் தெரிவிக்க வேண்டும். எல்லாருக்கும் 777 அனுமதி கொடுத்துவிடுவது தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் பீரோ சாவி கொடுப்பதாகும்.

1698 வந்தால் பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று பதறாதீர்கள். உபுண்டுவில் மைஎஸ்கியூஎல்லின் ரூட் பயனர் பாஸ்வேர்டால் நுழைவதில்லை. ‘சுடோ மைஎஸ்கியூஎல்’ என்றால் திறந்துவிடும். அன்றாடப் பணிக்கு ரூட்டைப் பயன்படுத்தாமல், அந்த ஒரு டேட்டாபேஸுக்கு மட்டும் உரிமையுள்ள தனிப் பயனரை ஏற்படுத்துங்கள்.

பதிவேடு ஓர் அமானிதம்

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். அது கடனை எழுதி வைப்பது பற்றியது. சிறிதோ பெரிதோ, தவணையோடு எழுதச் சொல்கிறது. சாட்சி வைக்கச் சொல்கிறது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் காலத்தில் உதவித்தொகை பெறுவோரின் பெயர்களை எழுதி வைக்கத் திவான் என்ற பதிவேடு ஏற்படுத்தப்பட்டது. தோலில் எழுதினாலும் டிஸ்க்கில் எழுதினாலும் பொறுப்பு ஒன்றுதான். எழுதியதைத் தொலைத்துவிட்டால் எழுதாததற்குச் சமம்.

எனவே இப்போது இப்படிச் செய்கிறோம். ஒவ்வொரு வியாழக்கிழமையும் அஸருக்குப் பின் ‘மைஎஸ்கியூஎல்டம்ப்’ கட்டளையால் முழு நகல் எடுக்கிறோம். நகல் வெளி டிஸ்க்கில், வேறு கட்டடத்தில் இருக்கிறது. மாதம் ஒரு முறை அந்த நகலை இன்னொரு மடிக்கணினியில் ஏற்றித் திறக்கிறதா என்று பார்க்கிறோம். திறந்து பார்க்காத நகலை நம்ப முடியாது. மாத உதவிப் பட்டியலும் கடன் தவணைக் கணக்கும் காகிதத்தில் அச்சாகி, இருவர் கையெழுத்தோடு பீரோவில் இருக்கின்றன.

இன்னொன்று. பழுது வந்தால் திரையைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டு வழி கேட்பது வழக்கமாகிவிட்டது. பிழைச் செய்தியை மட்டும் அனுப்புங்கள். உதவி பெறுவோர் பெயர் ஒன்றுகூடப் படத்தில் வரக் கூடாது. மறைவாகக் கொடுப்பதைச் சிறப்பித்த மார்க்கம் நம்முடையது. நாம் மறைத்துக் கொடுத்ததை ஒரு படம் வெளியே சொல்லிவிடலாகாது.

டிரஸ்டில் கடன் பெற்றுத் தவணை கட்டிவரும் சகோதர, சகோதரிகள் தங்கள் ரசீதுகளைக் கொண்டுவந்து பதிவேட்டோடு ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒரு ரூபாய் வித்தியாசம் இருந்தாலும் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறோம். கணினி படிக்கும் பிள்ளைகள் வியாழக்கிழமை அஸருக்குப் பின் வந்தால் நகல் எடுக்கும் வேலையை நேரில் கற்றுக்கொள்ளலாம். என்டர் தட்டுவதற்கு முன் நிற்பதைத்தான் முதலில் கற்றுக்கொடுப்போம், இன்ஷா அல்லாஹ்.

மக்கள் நம்பி ஒப்படைத்ததை அதன் உரியவர்களிடம் குறைவின்றிச் சேர்க்கும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.