நம்பிக்கைகளும் உண்மைகளும்: உப்புக் கரைசலுக்கு எவ்வளவு விலை?

சாரல் தொடங்கிவிட்டால் தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் கூட்டத்துக்குக் குறைவிருக்காது. பேரருவியில் குளித்து ஈரத்தலையோடு வருகிறவர்களுக்காக வழிநெடுக நன்னாரி சர்பத், எலுமிச்சைச் சோடா, இளநீர் எல்லாம் காத்திருக்கும். சில ஆண்டுகளாக அந்த வரிசையில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. எலக்ட்ரோலைட் பவுடர் என்ற பெயரில் வண்ணப் பொட்டலங்களும், தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் மாத்திரைகளும், பழச்சுவையோடு வரும் அட்டைப்பெட்டிப் பானங்களும் மருந்துக் கடையிலும் மளிகைக் கடையிலும் கிடைக்கின்றன. ஐம்பது ரூபாய், நூறு ரூபாய் கொடுத்து வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

வயிற்றுப்போக்கால் துவண்ட பிள்ளைக்கும், வெயிலில் களையெடுத்து வீடு திரும்பும் தாய்க்கும், வெறுமனே தாகம் எடுத்தவருக்கும் ஒரே பொட்டலம்தான் தீர்வு என்று விளம்பரங்கள் பழக்கிவிட்டன. இந்த மூவருக்கும் தேவை வேறு வேறு. அதைப் பிரித்துப் பார்த்தால் செலவு தானாகக் குறையும். சில சமயம் ஓர் உயிரும் பிழைக்கும்.

நம்பிக்கை: விலை கூடிய பானம்தான் உடம்பில் வேகமாகச் சேரும்.

உண்மை: தண்ணீரைக் குடலிலிருந்து ரத்தத்துக்கு இழுத்துச் செல்வது உப்பும் குளுக்கோசும் சேர்ந்து செய்யும் வேலை. சிறுகுடலின் சுவரில் இவை இரண்டையும் ஒன்றாக உள்ளே அனுமதிக்கும் வாசல்கள் உண்டு. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு நுழையும்போது சோடியமும் உடன் நுழைகிறது. பின்னாலேயே தண்ணீர் போகிறது. வயிற்றுப்போக்கு கடுமையாக இருக்கும்போதும் பெரும்பாலும் இந்த வாசல் அடைபடுவதில்லை. உப்புக் கரைசல் சிகிச்சையின் அடித்தளம் இதுதான்.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2002இல் திருத்தி வெளியிட்ட அளவு இப்படி இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சாதாரண உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். ஆக மொத்தம் 20.5 கிராம். இந்த அளவில் தயாரான ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கடையில் இருபது ரூபாய் அளவில் கிடைக்கிறது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசே வேண்டாம்.

இந்த எளிய மருந்தின் பெருமை 1971இல் தெரிந்தது. வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பு வழி ஏற்றும் சலைன் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலிப் மஹாலனபிஸ் குளுக்கோஸ், சமையல் உப்பு, சமையல் சோடா மூன்றையும் கலந்து வாய்வழியே கொடுக்கச் செய்தார். நோயாளிகளின் உறவினர்களே ஊட்டிவிட்டார்கள். நூற்றுக்கு முப்பது என்றிருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. அவர் 2022இல் மறைந்தார்; மறு ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் அறிவித்தது.

நம்பிக்கை: பெட்டியில் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்று போட்டிருந்தால் அது மருந்துதான்.

உண்மை: பல ஆண்டுகள் அப்படி இல்லை. இனிப்புப் பானங்கள் அந்த மூன்றெழுத்தைத் தம் பெயரோடு ஒட்டிக்கொண்டு மருந்துக் கடைகளிலேயே விற்கப்பட்டன. ஹைதராபாத் குழந்தைநல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் இதை எதிர்த்துப் போராடினார். கடைசியில் 2025 அக்டோபர் 14 அன்று, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், உணவுப் பொருள்களின் பெயரிலோ லேபிளிலோ அந்தச் சொல் வரக் கூடாது என்று உத்தரவிட்டது.

இந்தப் போராட்டத்துக்குக் காரணம் சர்க்கரை. பழச்சாறு வகைப் பானங்களில் லிட்டருக்கு நூறு கிராம் சர்க்கரை இருப்பது சாதாரணம். உண்மையான கரைசலிலோ 13.5 கிராம்தான். சர்க்கரை மிகுந்தால் குடல் தண்ணீரை உறிஞ்சாமல் ரத்தத்திலிருந்து தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். பேதி கூடும், பிள்ளை இன்னும் துவளும். ஆகவே வாங்கும்போது பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுமுறை என்ற குறிப்பும், மேலே சொன்ன நான்கு பொருள்களும் அங்கே இருக்க வேண்டும்.

நம்பிக்கை: ஒரு டம்ளர் தண்ணீரில் கெட்டியாகக் கலக்கினால் நல்ல பலன்.

உண்மை: இது ஆபத்து. 20.5 கிராம் பொட்டலம் ஒரு லிட்டருக்கு உரியது. அதை டம்ளரில் கரைத்தால் ரத்தத்தில் உப்பு ஏறி, கைக்குழந்தைக்கு வலிப்பே வரலாம். ஒரு டம்ளர் போதும் என்கிறவர்களுக்கு 200 மில்லிக்கான சிறு பொட்டலம் தனியாக இருக்கிறது. கலக்கிய கரைசலை 24 மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். மீந்தால் கொட்டிவிட வேண்டும்.

அளவும் முக்கியம். இரண்டு வயதுக்குக் கீழுள்ள பிள்ளைக்கு ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் பத்து வயது வரை 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடர வேண்டும். கரைசல் பேதியை நிறுத்தாது. போன நீரையும் உப்பையும் ஈடுகட்டுவதுதான் அதன் வேலை. பேதி நிற்கவில்லை என்று பாதியில் கைவிடுவதுதான் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. கூடவே துத்தநாக மாத்திரையை 14 நாள் கொடுக்கச் சொல்வார்கள். அதையும் முடிக்க வேண்டும்.

நம்பிக்கை: வீட்டில் செய்வது கடைச்சரக்குக்கு ஈடாகாது.

உண்மை: பொட்டலம் கைக்கு எட்டாத நேரத்தில் வீட்டுக் கரைசல் உயிர் காக்கும். கொதிக்கவைத்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. அவ்வளவுதான், செலவு இரண்டு ரூபாய்க்குள் அடங்கும். வங்கதேசத்தில் பிராக் தொண்டு நிறுவனம் 1980 முதல் பத்தாண்டுகள் வீடு வீடாகப் போய், ஒரு கோடிக்கு மேற்பட்ட குடும்பங்களின் பெண்களுக்கு மூன்று விரல் உப்பும் ஒரு பிடி வெல்லமும் கலக்கக் கற்றுக்கொடுத்தது.

இதில் இல்லாதது பொட்டாசியம். அதை வாழைப்பழமும் இளநீரும் தரும். புளியங்குடி எலுமிச்சை ஒன்றைப் பிழிந்துகொண்டால் சுவை கூடும். உப்பைக் குத்துமதிப்பாக அள்ளிப் போடுவது மட்டும் கூடாது. கண்ணீரைவிட உப்புக் கரித்தால் கீழே கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும்.

நம்பிக்கை: இளநீர், பதனி, சர்பத் எல்லாம் ஒன்றுதான்.

உண்மை: இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. பேதியில் அதிகம் வெளியேறுவதோ சோடியம். ஆகவே இளநீர் துணைக்கு நல்லது; அதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இளநீர் குடிக்கவே கூடாது. பதனியிலும் சர்பத்திலும் சர்க்கரை அதிகம். தாகத்துக்குச் சரி, வயிற்றுப்போக்குக்கு ஆகாது.

உப்பிட்ட நீர்மோரும் அரிசிக் கஞ்சியும் வேறு ரகம். வயிற்றுப்போக்கின் தொடக்கத்திலேயே கொடுக்கத் தகுந்த வீட்டுப் பானங்கள் என்று உலக சுகாதார நிறுவனமே இவற்றைச் சொல்கிறது. உப்பு லிட்டருக்கு 3 கிராம், அதாவது அரைத் தேக்கரண்டி. கஞ்சியின் மாவுச்சத்து குடலில் மெல்ல மெல்லக் குளுக்கோசாக உடைவதால், ஒரேயடியாகச் சர்க்கரை சேர்வதில்லை. ஆறு மாதம் ஆகாத குழந்தைக்குக் கஞ்சியோ மோரோ வேண்டாம். தாய்ப்பாலை நிறுத்தாமல் கொடுத்து, சரியான அளவில் கலந்த ஓ.ஆர்.எஸ். மட்டும் புகட்டினால் போதும்.

நம்பிக்கை: வேர்த்தாலே எலக்ட்ரோலைட் குடிக்க வேண்டும்.

உண்மை: நடைப்பயிற்சிக்கும் அலுவலக வேலைக்கும் தண்ணீரே போதும். இந்தியர்கள் சராசரியாகச் சாப்பிடும் உப்பு, நாளைக்கு 5 கிராம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பைத் தாண்டியே இருக்கிறது. ரத்தக்கொதிப்பு உள்ளவர் தேவையில்லாமல் குடிக்கும் உப்புப் பொட்டலம் கேடுதான் செய்யும்.

மணிக்கணக்கில் வெயிலில் நிற்பவர் கதை வேறு. பாவூர்சத்திரத்தில் காய்கறி மூட்டை சுமப்பவருக்கும், சுரண்டைப் பக்கம் வயலில் குனிந்து நிற்பவருக்கும் வேர்வையோடு உப்பும் போகிறது. அவர்கள் காலையில் குடித்துவிட்டுப் போகும் நீச்சத்தண்ணியும், தூக்குவாளியில் எடுத்துப்போகும் உப்பிட்ட மோரும் அந்த இழப்பை ஈடுகட்டும். சில எலக்ட்ரோலைட் பொட்டலங்களில் சேர்க்கும் மெக்னீசியம் வேண்டுமென்றால் கேழ்வரகு, கீரை, எள், நிலக்கடலை இருக்கின்றன.

நம்பிக்கை: இந்துப்பு போட்டால் தனிச் சத்து.

உண்மை: இளஞ்சிவப்பு உப்பிலும் மிகப் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். மற்ற தாதுக்கள் உடம்புக்குப் பயன்படும் அளவில் இல்லை. தூத்துக்குடி உப்பளத்திலிருந்து வரும் அயோடின் கலந்த உப்பு விலையும் குறைவு, அயோடினும் தரும்.

நம்பிக்கை: அருவித் தண்ணீர் மூலிகைத் தண்ணீர், அப்படியே கலக்கலாம்.

உண்மை: மலையில் மூலிகை இருப்பது உண்மை. அதே மலையில் விலங்குகளும் இருக்கின்றன. கீழே ஆயிரக்கணக்கானோர் குளிக்கிறார்கள். கண்ணாடி போலத் தெளிந்த நீரிலும் கிருமி இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. குற்றாலத்துக்குக் குடும்பத்தோடு வருகிறவர்கள் காய்ச்சிய தண்ணீரும் இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களும் பையில் வைத்துக்கொள்வது நல்லது.

வீட்டுக் கரைசலுக்கும் எல்லை உண்டு. பிள்ளைக்குக் கண் குழிவிழுந்தாலோ, அழுதாலும் கண்ணீர் வராவிட்டாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் பிரியாவிட்டாலோ, குடிக்கக்கூட முடியாமல் பிள்ளை மயங்கிக் கிடந்தாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ, எந்தப் பானமும் மருத்துவ சிகிச்சைக்குப் பதிலாகாது. உடனே 108ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். போகும் வழியிலும், நினைவோடு விழுங்க முடிகிற பிள்ளைக்குக் கரண்டி கரண்டியாகக் கரைசல் கொடுத்துக்கொண்டே போங்கள்.